துடைத்துவிட்டுப் புதிதாக

“புதுசு போட்டா பழசெல்லாம் எங்கம்மா போகும்?”

வீட்டுக் கணினியைத் துடைத்துவிட்டு ரமணி புது இயங்குதளம் போட்டுக்கொண்டிருந்தபோது, சின்னவளாயிருந்த மகள் ஷாமினி கேட்டது அது. “எங்கயும் போகாது கண்ணு. முதல்லயே எடுத்து பத்திரமா வச்சிட்டேன்” என்றாள் ரமணி.

விடிந்தும் விடியாத இந்த வேளையில், பிரிக்ஃபீல்ட்ஸ் கட்டடத்தின் சர்வர் அறையில் அது ஞாபகம் வந்தது. தரைத் துளைகள் வழியே ஏறிய குளிர் கணுக்காலைக் கடித்தது. மின்விசிறிகளின் இரைச்சலில் காது மரத்துவிட்டது. விசைகளைத் தட்டித் தட்டி விரல்களும். மனத்துக்கும் அதே கதிதான்.

அங்கிள் எழுந்திருக்கவில்லை. கிள்ளான் துறைமுகத்து லோரிகளுக்கு முறை ஒதுக்கும் பழைய சர்வருக்கு அங்கே வேலை செய்பவர்கள் வைத்த செல்லப்பெயர் அங்கிள். வேறொரு சர்வரில் எல்லாவற்றையும் புதிதாக நிறுவி, சோதித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மாற்றிவிட்டு அங்கிளைத் துடைத்துவிடலாம் என்று ரமணியும் உடன் வேலை செய்யும் குருவும் நூர் முகமதுவும் கெஞ்சிப் பார்த்தார்கள். முதலாளி விஜயன் மசியவில்லை. ஓடுகிற அங்கிளின் மேலேயே புதியதை ஏற்றச் சொன்னார். பாதியில் நின்றுபோனது.

விஜயன் வந்ததும் வராததுமாகக் கத்தினார். “யாரு தட்டுனது?”

“நான்தான் பாஸ்” என்றார் நூர் முகமது.

“உன் வேலை பெர்மிட்ட இன்னைக்கே கேன்சல் பண்றேன். ஊருக்குக் கிளம்பு.”

ஊரில் நூர் முகமதுவின் மனைவி மும்தாஜுக்குப் பிரசவம் நெருங்கியிருந்தது.

“பாஸ், நீங்கதானே மேலயே ஏத்தச் சொன்னீங்க?” என்றான் குரு.

“ஏத்தத்தான் சொன்னேன். கவுக்கச் சொன்னேனா? வருஷா வருஷம் உங்களுக்குப் புது கான்ட்ராக்ட் குடுக்கிறேன். நன்றி இருக்கா?”

ரமணி நெற்றித் திருநீற்றை ஒருமுறை தொட்டுக்கொண்டாள். குரல் உயரவில்லை.

“அதான் பாஸ். எங்கள வருஷா வருஷம் துடைச்சிட்டுப் புதுசா போடுறீங்க. போன வருஷ சர்வீஸ் எங்க போச்சுன்னு நாங்க கேட்டதில்ல. அங்கிளத் துடைக்க மட்டும் மனசு வரல. நூர் அண்ணன் இல்லாம நாங்க கை வைக்க மாட்டோம்.”

“வெளியில ஆளே இல்லையா?”

“இருக்காங்க லா. கூப்பிடுங்க” என்றான் குரு. “அங்கிளோட கோவம் அவங்களுக்குப் பழகணும், அவ்வளவுதான்.”

விஜயன் வாசல் பக்கம் திரும்பினார். பகல் ஷிப்ட்டுக்கு வந்தவர்கள் அங்கே எல்லாவற்றையும் கேட்டபடி நின்றார்கள். அறைக்குள் போட்டுக்கொள்ளும் நீலச் செருப்புகள் அலமாரியில் வரிசையாகக் கிடந்தன. ஒருவரும் எடுத்துப் போடவில்லை.

அவருடைய கைப்பேசி ஓயாமல் அடித்தது. துறைமுகத்தில் லோரிகள் தேங்கிவிட்டன.

“சரி. மத்தியானம் வரைக்கும் அவன் இருக்கட்டும். அப்புறம் பேசுவோம்.”

“எல்லாரும் சேர்ந்து வரோம் பாஸ்” என்றாள் ரமணி. வாசலில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். அதன் பிறகே நீலச் செருப்புகள் ஒவ்வொன்றாகத் தரையிறங்கின.

அங்கிளைத் துடைத்துவிட்டுப் புதிதாக நிறுவத் தொடங்கினார்கள். தரவுகளின் நகலை ரமணி முன்பே எடுத்துப் பத்திரப்படுத்தியிருந்தாள். வேலை பாதியைத் தாண்டியதும், “நீங்கெல்லாம் பசியாறிட்டு வாங்க, நான் பாத்துக்கிறேன்” என்றார் நூர் முகமது.

ரமணி மட்டும் முதலில் திரும்பினாள். நூர் முகமது நாற்காலியிலேயே தூங்கிப்போயிருந்தார். விழித்துக்கொள்ள வைத்த அலாரம் கைப்பேசித் திரையில் தெரிந்தது. ஷாமினி டெங்கியில் மருத்துவமனையில் கிடந்தபோது, தன் வேலைக்கு மேல் ரமணியின் ஷிப்ட்டையும் பார்த்தவர் இவர். பிறகு ஒருநாளும் அதைப் பற்றி வாய் திறந்ததில்லை.

அவள் அலாரத்தை அணைத்தாள். ஆணியில் தொங்கிய பொதுக் குளிர்சட்டையை எடுத்து அவர்மேல் போர்த்தினாள். நின்றபடியே திரையைப் பார்த்து, அது கேட்ட கேள்விகளுக்கெல்லாம் அவருக்குப் பதிலாக விடை தட்டினாள். அங்கிள் எழுந்தது. துறைமுகத்தின் முதல் லோரிக்கு முறை விழுந்தது.

குருவும் மற்றவர்களும் வரும் பேச்சுச் சத்தம் நடைவழியில் கேட்டது. நூர் முகமது சொல்லாமலே அவருக்காக வாங்கி வந்திருந்த, பையில் கட்டிய தேநீரை, வெளியே அவருடைய செருப்புக்கு மேலிருந்த கொக்கியில் மாட்டிவிட்டு, அப்போதுதான் வருகிறவள்போல அவர்களோடு கலந்துகொண்டாள்.