பூநாரைகளுக்கு அடித்த மணி

1

இந்தக் கதை எனக்கு வேம்பார் பஸ்ஸில் கிடைத்தது. ஜன்னல் வழியே கடலோரத்தில் வெள்ளையாய் ஒரு கோடு தெரிந்தது. தோணிப் பாய் என்று நினைத்ததுமே பதறி எழுந்துவிட்டேன். எங்கள் வீட்டில் கடலுக்குப் போன ஆளே கிடையாது, மக்கா. அப்படியானால் இந்தக் கலக்கம் யாருடையது? அதற்காகத்தான் பிலோமினாவை உண்டாக்கினேன்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘1942ஆம் ஆண்டு, தூத்துக்குடிக் கடற்கரையில், துயரமே உருவான ஒரு பெண்...’

வேண்டாம். உட்கார்ந்து துயரப்பட அவளுக்கு ஏது நேரம்? கருவாடு காயப்போட வேண்டும். புருஷன் ரோச், வெங்காயம் ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போனவன். கொழும்பில் குண்டு விழுந்த செய்தி வந்தது, தோணி வரவில்லை. விடிந்ததும் மணல்மேட்டில் போய் நிற்கிறாள்.

(எல்லாக் கதையிலும் பெண் இப்படித்தான் நிற்கிறாள் என்பீர்கள். பாய் அங்கிருந்துதானே தெரியும்?)

3

அந்தத் தெருவுக்கு ஒரு வழக்கம் வைத்தேன். பாயை முதலில் கண்டவர் மாதா கோயிலில் போய்ச் சொல்ல வேண்டும், மணி அடிப்பார்கள். மணி கேட்டதும் தோணிக்காரர் வீடுகளில் உலை ஏறும்.

ஒரு காலை, தெற்கே வெள்ளைக் கோடு. பிலோமினா ஓடினாள். மணி அடித்தது. தெருவே கரைக்கு வந்தது. அந்தச் சத்தத்தில் பாய் நெளிந்தது, நடுவில் கிழிந்தது, மேலே எழுந்தது. துண்டு துண்டாய்ச் சிவப்பு விரிந்தது. பூநாரைக் கூட்டம்.

“ஏளா, உலை கொதிக்கி. ஒன் பறவையளுக்குப் பொங்கிப் போடவா?” என்றாள் ரோச்சின் அக்கா ஆக்னஸ். மற்றவர்கள் சிரித்தார்கள். ஆக்னஸ் சிரிக்கவில்லை.

பிலோமினா இன்னும் அந்தச் சிவப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

(இங்கே எனக்கு இவள்மேல் சந்தேகம் வந்தது. புருஷனைக் காணோம், இவளுக்குச் சிவப்பு கேட்கிறதா? அந்த வரியை அடித்தேன். பிறகு நானே திரும்ப எழுதினேன்.)

4

இன்னொரு முறை தவறக்கூடாது என்றுதான் பறவைகளைக் கவனித்தாள். அப்படித்தான் தனக்குச் சொல்லிக்கொண்டாள். பாய் நிலையாக நின்று பெரிதாகும். பறவைக் கூட்டத்துக்கு ஓரம் நடுங்கும். பூநாரை அலகைக் கவிழ்த்து வைத்துத் தண்ணீரை அலசும். உள்ளான் குருவி அலைக்குப் பின்னாலேயே ஓடும், அது திரும்புமுன் தப்பி வரும். ஆலாப் பறவை அந்தரத்தில் நின்று சிறகடித்து, மீன்மேல் கல்லாய் விழும்.

ஒரு நாள் வீடு திரும்பும் வழியில் சட்டென்று நின்றுவிட்டாள். இன்றைக்குக் கடலைப் பார்த்தோமா? பாய் ஒன்று தெரிந்து, காற்று மாறி, திரும்பிப்போய்—

இதை முடிக்க எனக்குத் தைரியமில்லை.

வாசலில் ஆக்னஸ் நின்றிருந்தாள்.

“ஒண்ணுமில்ல மயினி,” என்றாள் பிலோமினா, கேட்பதற்கு முன்பே.

5

ரோச் வந்துவிட்டதாக ஒரு முடிவு எழுதினேன், சர்க்கரை கூடிப்போயிற்று. வராததாகவும் எழுதிப் பார்த்தேன். பறவைகள் துக்கம் கேட்க வந்தவை போல் ஆகிவிட்டன. அவை அதற்கு வருவதில்லை.

ஆகவே இப்படி விட்டிருக்கிறேன். பூநாரைகள் என்றுமில்லாத அளவுக்குக் கரையை ஒட்டி நிற்கின்றன. இன்னும் சிவப்பு ஏறாத சாம்பல் குஞ்சு ஒன்று அவளுக்கு நேரே அலகைக் கவிழ்க்கிறது. தெற்கே ஒரு வெள்ளைப் புள்ளி. அதன் ஓரம் நடுங்கவில்லை. யார் தோணி என்று தெரியாது. பாய்தான் என்று தெரியும். சொன்னால் மணி அடிக்கும். மணி அடித்தால் இவை எழுந்துவிடும்.

மேட்டின் கீழே ஆக்னஸ் குரல்: “ஏளா, ஏதும் தெரியுதா?”

பிலோமினா வாயைத் திறந்தாள்.

நான் பேனாவை மூடிவிட்டேன், மக்கா. மாதா கோயில் பக்கத்தில்தான் இருக்கிறது. நீங்களே போய்ச் சொல்லலாம். போவதென்றால், கொஞ்சம் மெதுவாக நடந்து போங்கள்.