தண்ணீர் பட்ட இரும்பு

ஆதிமூலத்தின் உடலை அவன் கிணற்றுத் தண்ணீரில்தான் குளிப்பாட்ட வேண்டும் என்று பெரியவர்கள் சொல்ல, தம்பி சகாதேவன் தண்ணீர் இறைக்க ஆயில் எஞ்சின் ஹேண்டிலைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டான். அதைப் பார்த்ததும் பச்சையம்மாள், புருஷன் செத்த துக்கத்தையும் மீறி, அழுகையை நிறுத்தி நிமிர்ந்தாள்.

வறட்சியில் தண்ணீர் கீழே போகப் போக, எஞ்சினையும் கிணற்றுக்குள்ளேயே இறக்கி வைத்திருந்தான் ஆதிமூலம். காலையில் அதை ஓட்ட இறங்கியவன் சோற்றுக்கு வரவில்லை. போய்ப் பார்த்தால் எஞ்சின் டீசல் தீர்ந்து நின்றிருந்தது. பக்கத்தில் அவன் சாய்ந்து கிடந்தான். மாரடைப்பு என்றார் கம்பவுண்டர். காத்து கருப்பு என்றது வேங்கிக்கால் சனம். ஆளுக்கொரு காரணம் சொல்ல இந்த ஊருக்குச் சொல்லியா தர வேண்டும்.

உண்மையான காரணம் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். எஞ்சின் புகையை மேலே அனுப்பும் குழாயில் வார்ப்பிரும்பு வளைவு ஒன்று உண்டு. அது விரிசல் விட்டதால், நேற்றுச் சாயங்காலம் பட்டறை மொய்னுதீன் வீட்டுக்கே வந்து பித்தளைக் கம்பியை உருக்கி ஒட்டினார். சூட்டோடு அதை அவளுடைய அடுப்புச் சாம்பலில் புதைத்தார். விடியும்வரை தானாக ஆறட்டும், ஒரு சொட்டுத் தண்ணீர் படக்கூடாது என்று சொல்லிவிட்டுத்தான் போனார். அவளுக்கோ உலை வைக்கிற அவசரம். அந்த வளைவை வெளியே இழுத்துப் போட்டு, கரியை அணைப்பதுபோல் தண்ணீரை ஊற்றினாள். டிக்கென்று ஒரு சத்தம். பார்வைக்கு ஒன்றும் தெரியவில்லை. திட்டு வாங்குவானேன் என்று சமையல் முடிந்ததும் பழையபடி புதைத்துவிட்டாள். காலையில் ஆதிமூலம் அதைத்தான் கொண்டுபோய் மாட்டி எஞ்சினை ஓட்டினான்.

சொன்னால், புருஷனை விழுங்கியவள் என்ற பேர் காலத்துக்கும் போகாது. சொல்லாவிட்டால் இன்னொரு பிணம். சகாதேவன் வாசலைத் தாண்டிவிட்டான். கட்டிப்பிடித்து அழுதவர்களை உதறிவிட்டு ஓடினாள்.

"தம்பி, கெணத்துல எறங்காதீங்க."

பேய் பயமா அண்ணி என்று கேட்டான் அவன். அவள் ஹேண்டிலைப் பற்றிக்கொண்டாள்.

"பேய் இல்ல, புகை. மொய்னுதீன் பாய் வேணாம்னு சொல்லியும் நான்தான் அதுமேல தண்ணி ஊத்திட்டேன். ஒட்டுனது விட்டுடுச்சு. எஞ்சின ஓட்டுனா புகை மேல போகாம கெணத்துக்குள்ளயே அடையும்."

பறைச்சத்தம் நின்றது. கூட்டத்தில் நின்ற மொய்னுதீன் கண்ணை மூடிக்கொண்டார். அறை விழும் என்று அவள் காத்திருந்தாள். சகாதேவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. ஹேண்டிலைச் சுவரோரம் சாய்த்துவிட்டு, கயிறும் வாளியும் குடமும் எடுத்துக்கொண்டு போனான்.

அதன்பிறகு அவள் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. பெண்டாட்டி ஊற்ற வேண்டிய முதல் தண்ணீரை யார் ஊற்றுவது என்று குசுகுசுத்தார்கள்.

மேலே நின்றே கயிறு விட்டுச் சேந்திய தண்ணீரோடு சகாதேவன் திரும்பி வந்தான். குடத்தை அவள் முன்னால் இறக்கிவைத்துவிட்டு, அடுத்த குடத்துக்குப் போனான்.