பதினோராவது தடவை

பன்னிரண்டு மணிக்குள் லிஃப்ட் மெக்கானிக் சட்டியை ஒன்பது தடவை திறந்து பார்த்துவிட்டார்.

வார்ப்பிரும்புச் சட்டி, மூடியே ஒரு கைக்குழந்தை கனம். உள்ளே வெங்காயத்தோடும் மிளகோடும் சிவக்கப் புரட்டிய முழு ஆட்டுத்தொடை. "சின்னத் தீ, மூணு மணி நேரம். மூடியில கை வைக்காதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் மனைவி துணி துவைக்கப் போனாள். மனுஷர் கேட்டால்தானே. எந்தப் பெட்டியையும் திறந்து பார்க்காமல் நம்பாத தொழில். ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்காது என்பார்கள். இவருக்கு ஆக்கவே பொறுக்கவில்லை. திறக்கத் திறக்க ஆவியெல்லாம் வெளியே போனது, கறி விறைத்துக்கொண்டு கிடந்தது.

எட்டு மாதம் கழித்து மகள் வருகிறாள். அவள் போனதே இவரால்தான். அவள் பெயருக்கு வந்த வேலை உத்தரவைப் பிரித்துப் படித்து, "எங்க பொண்ணு அவ்வளவு தூரம் வரமாட்டா" என்று தானே ஃபோன் போட்டுச் சொன்னார். அவள் திரும்பக் கூப்பிட்டுப் பேசி அதே வேலைக்குக் கிளம்பிப் போனாள். அன்றிலிருந்து அம்மாவோடு மட்டும்தான் பேச்சு. இன்றைக்கும் நாலு மணி பஸ்ஸில் திரும்பிவிடுவாள். அதற்குள் ஒரு வார்த்தை பேசிவிடமாட்டாளா என்றுதான் இந்தப் பாடெல்லாம்.

ஒரு மணிக்கு வந்தவள் நேராக அடுப்படிக்குப் போய்க் கறியைக் குத்திப் பார்த்தாள். ரப்பர்.

"எத்தன தடவ தொறந்தாரு?" என்று அம்மாவைக் கேட்டாள்.

"நான் பாத்தது பத்து."

மகள் மூடியை வைத்து அழுத்தினாள். "இன்னும் ஒரு மணி நேரம் ஆகும். குளிச்சிட்டு வரேன்மா." பையிலிருந்து ஒட்டிய உறை ஒன்றை எடுத்து மேசைமேல் கவிழ்த்துப் போட்டுவிட்டுப் போனாள். அம்மா துணி காயப்போட மாடிக்குப் போனாள்.

அந்தப் பக்கம் சட்டி, இந்தப் பக்கம் உறை. கல்யாணமா? உடம்புக்கு ஏதாவதா? இனிமேல் வரமாட்டேன் என்று எழுதியிருக்கிறாளா? எழுந்தார், உட்கார்ந்தார், ஜன்னலைச் சாத்தினார், மறுபடி திறந்தார். கடைசியில் இரண்டு கையையும் நாற்காலியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துவிட்டார். குளியலறையில் தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது.

ஈரத்தலையோடு வந்த மகள் உறையைப் பார்த்தாள். பிறகு அப்பாவின் கைகளைத் தேடினாள்.

"தொறந்தீங்களா?"

எட்டு மாதத்தில் முதல் வார்த்தை.

"இல்லம்மா. ரெண்டையும் தொடல."

"திருப்பிக்கூடப் பாக்கலயா?"

"இல்ல."

அவள் உறையைத் திருப்பி அவர் முன்னால் வைத்தாள். அதில் அவர் பெயர்தான் எழுதியிருந்தது.

"நேர்ல சொல்ல வாய் வராதுன்னு எழுதிட்டு வந்தேன்."

அவருக்குக் கை இரண்டும் மரத்துப் போயிருந்தது. "பிரிக்க வரல. நீயே பிரிச்சுக் குடேன்."

"உங்க பேருக்கு வந்தத நான் பிரிக்கமாட்டேன்பா" என்றாள் மகள், தட்டுகளை எடுத்து வைத்தபடி. "கை சரியாகட்டும். ஆறு மணிக்கும் ஒரு பஸ் இருக்கு."