மூன்று சீட்டுகள்

தையல்காரரான என் கணவருக்குச் சர்க்கரை, பிரஷர், கிட்னிக் கோளாறு. மூன்றுக்கும் மூன்று டாக்டர்கள், ஆளுக்கொரு உணவுச் சீட்டு. ஒருவர் சாப்பிடச் சொன்ன பழத்தை இன்னொருவர் தொடவே கூடாது என்றார். மூன்றையும் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினேன். ஒன்றில் வேண்டாம் என்று இருந்தாலும் மூன்றிலும் அடித்துவிட்டேன். மிஞ்சியதைத்தான் ஆறு மாதமாகச் சமைக்கிறேன்.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன சீட்டுகளைப் பார்த்த டயட்டீஷியன் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"இவ்வளவையும் அடிச்சிட்டா மனுஷன் எதத்தாம்மா சாப்பிடுவாரு?"

"என் பேன்ட்ட நானே ரெண்டு தடவ இடுப்புல புடிச்சுத் தச்சாச்சு," என்றார் அவர்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடுப்படியில் நிற்பவள் நானல்லவா?

அவள் யோசித்து யோசித்துப் புதிதாக ஒரே சீட்டு எழுதினாள். "இனிமே இது மட்டும் போதும். டாக்டருங்ககிட்ட நான் பேசிக்கிறேன். உங்களுக்குத் தனியா சமைச்சுக்குறீங்கதானே?"

"ரெண்டு சமையலுக்கு என் உடம்புல தெம்பு இல்லம்மா. அவருக்கு வைக்கிறதுதான் எனக்கும்."

அவள் பேனாவை மூடிவிட்டு எடை மெஷினைக் காட்டினாள்.

"ஏறி நில்லுங்க."

முப்பது வருஷமாக ஊருக்கே அளவெடுத்த மனிதர் அப்போதுதான் என்னைத் திரும்பிப் பார்த்தார்.