வேண்டுமென்றே தப்பாகச் சொன்னவள்

1
ஒளிப்பானேன், இந்தக் கதை ஒட்டுக்கேட்டுக் கிடைத்தது. கண் ஆஸ்பத்திரியில் எனக்குப் பக்கத்துக் கட்டிலருகே ஒரு பெண், தன் புருஷனிடம் கூசாமல் பொய் சொல்லிக்கொண்டிருந்தாள். எழுதுகிறவன் எனக்குக் கை பரபரத்துவிட்டது.

2
முதல் தொடக்கம்: 'இருள் அவரைச் சூழ்ந்து...'

(சே, வேண்டாம். கண்ணில் கட்டுப் போட்டவரைப் பற்றி எல்லாரும் இதைத்தான் எழுதுவார்கள்.)

நேராகவே சொல்கிறேன். அவர் வெல்டர். பட்டறையில் தெறித்த இரும்புத்துணுக்குகள் இரண்டு கண்ணையும் பதம் பார்த்துவிட்டன. ஆபரேஷன் முடிந்தது, இன்று கட்டைப் பிரிக்கிறார்கள். பார்வை வருமா என்று கேட்டால் டாக்டர் பிடிகொடுக்கவில்லை.

அவர்கள் வீட்டில் ஒரு வழக்கம். கஷ்டம் வந்தால், முன்பு ஆண்டவர் காப்பாற்றிய கதைகளை வெல்டர் சொல்வார். மனைவியும் மகளும் கேட்பார்கள். இந்தத் தடவை மனிதர் வாயே திறக்கவில்லை.

3
மனைவி என்ன செய்தாள் தெரியுமா? தானே ஆரம்பித்தாள், தப்பாக!

"அன்னைக்கு இறக்கத்துல வேன் பிரேக் புடிக்கல. பாப்பா பின்னாடி தூங்கிட்டிருந்தா. செங்கல் குவியல்ல மோதி நின்னோம்."

கட்டில் கிரீச்சிட்டது.

"செங்கலா? செங்கல்ல மோதியிருந்தா எலும்புகூடத் தேறியிருக்காது. மணல்டி."

"மணல் எப்பவும் அங்கதான கெடக்கும்?"

"எங்க கெடந்துச்சு? அன்னைக்குக் காலையிலதான் கொட்டினான். லாரிக்காரன் வீடு மாத்திக் கொட்டிட்டான்னு அந்த வீட்டுக்காரர் சண்டை போட்டாரே, மறந்துட்டியா?"

"வீடு மாறிடுச்சா?"

"அவனுக்குத்தான் மாறுச்சு. ஆண்டவருக்கு மாறல. நம்மள விடலடி அவரு."

எனக்கு எழுந்து கைதட்டத் தோன்றியது. (தட்டவில்லை. குட்டு வெளிப்பட்டுவிடும்.)

4
இரண்டு முடிவுகள் வைத்திருந்தேன். ஒன்று: கட்டு பிரிகிறது, மனைவியின் முகம் தெரிகிறது. இரண்டு: கட்டு பிரிகிறது, ஆனால்...

(கை வரவில்லை.)

வராந்தாவில் அவளைப் பிடித்து, முதல் முடிவை ஆசையாகப் படித்துக் காட்டினேன்.

"வேண்டாங்க," என்றாள். "எனக்கு அவர் கண்ணு வேணும். அதுக்குத்தான் அழுதுட்டிருக்கேன். ஆனா பார்வை வந்துச்சு, அதனால ஆண்டவர் நல்லவர்னு எழுதிடாதீங்க. பார்வை வரலன்னாலும் அன்னைக்கு மணல் கொட்டினது கொட்டினதுதான்."

படித்த தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

நர்ஸ் வந்துவிட்டார், கட்டிலுக்குத் திரும்பினோம். வெல்டர் மனைவியின் கையைத் தேடிப் பிடிக்கிறார். "அடுத்தது பாப்பா பொறந்த கதை. நீ சும்மா இரு, நானே சொல்றேன்."

கத்தரி கட்டைத் தொடுகிறது. அவர் நிறுத்தவில்லை, சொல்லிக்கொண்டே போகிறார்.

பேனாவை மூடிவிட்டேன். கட்டுக்குப் பின்னால் என்ன இருந்தது என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு அவர் சொல்வதைக் கேட்க வேண்டும்.