அலமாரிக்குக் குடிபோன குரல்

மாவு மில்லில் வேலை செய்து சிலூஃபியா இழந்த சத்தங்களெல்லாம் முதலாளி கபெம்ப்வாவின் துணி அலமாரிக்குக் குடிபோயின. கிட்வே நகரத்தில் மக்காச்சோளம் மலையாகக் குவிந்த வருஷம் அது. அரைக்கும் இயந்திரம் விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை அலறியது. காதை மூடிக்கொள்ள ஏதாவது வாங்கித் தரும்படி அவள் கேட்டபோது, "நானும் இந்த மிஷின்கிட்ட நின்னவன்தாம்மா. என் காது என்ன கழண்டா விழுந்துடுச்சு?" என்று முதலாளி சிரித்தார். முதலில் குருவிகளின் சத்தம் போயிற்று. பிறகு மக்காச்சோளக் களியான ன்சிமா பானையில் கொதிக்கும் சத்தம். கடைசியில் மகள் முசொண்டாவின் கீச்சுக்குரலும் தேய்ந்துபோயிற்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வாசலில் பக்கத்து வீட்டுக்காரி கொடுத்த குரல் அவளுக்குக் கேட்கவில்லை. கபெம்ப்வாவின் அலமாரிக்குள்ளிருந்து கேட்டது. குரல் கொடுத்தவரை வெளியே நிறுத்திவைப்பது கிட்வேயில் மரியாதை இல்லை. அவர் செய்தித்தாளிலிருந்து தலையை எடுக்காமலே "வாங்க, வாங்க" என்றுவிட்டார். வரச் சொன்ன விருந்தாளியைத் துரத்தவா முடியும்? குருவிகளும் பானையும் முசொண்டாவும் அவருடைய சட்டைகளுக்கு நடுவே தங்கிவிட்டார்கள்.

"அம்மா, சாப்பிட வா!" என்றது அலமாரி.

"யாருங்க அவ, உங்களைப் போய் அம்மாங்கிறா?" என்றாள் அவர் மனைவி.

மில் வாசலில் அம்மாவைத் தேடி வரும் குரல்தான் அது என்று கபெம்ப்வாவுக்குத் தெரிந்துவிட்டது. சிலூஃபியாவின் வீட்டுக்குப் போனார். மகள் கூப்பிட்டுக்கொண்டே இருக்க, திரும்பாமல் உட்கார்ந்திருந்தாள் தாய். அவருடைய கட்டைக்குரல் மட்டும் அவளுக்குக் கேட்டது. "உன் பொண்ணு சாப்பிடக் கூப்பிடுதும்மா," என்றார்.

அந்த வாரமே எல்லாருக்கும் காதுமூடிகள் வந்தன. இயந்திரத்தைச் சுற்றிச் செங்கல் சுவர் எழுந்தது. அதனருகே யாரும் அரை நாளுக்கு மேல் நிற்கக் கூடாது என்றானது. மற்றவர்களின் காதுகள் தப்பின. சிலூஃபியாவுக்குப் போனது போனதுதான். அதனால் முசொண்டா கூப்பிடும்போதெல்லாம் கபெம்ப்வா நடந்துவந்து சொன்னார். மழையிலும் வந்தார், மூட்டுவலி வந்த பிறகும் வந்தார்.

முசொண்டாவுக்குப் பிரசவமான காலையில் ஒற்றைச் செருப்போடு ஓடிவந்து, முற்றத்தில் காத்திருந்த சிலூஃபியாவிடம், "பேத்தி! அழுறா!" என்றார்.

"எப்படி அழுறா?"

கிழவர் மூச்சை இழுத்துக்கொண்டு, தெரு நடுங்க, அதே மாதிரி அழுது காட்டினார். சிலூஃபியா கண்ணை மூடிக் கேட்டாள். முற்றத்துத் தண்ணீர்க் குழாயடியில் நின்ற பெண்கள் சற்று நகர்ந்து அவருக்கு இடம் விட்டு, வாளிகளை நிரப்பிக்கொண்டிருந்தார்கள்.