கனமான பக்கம்

பியானோ டீச்சர் அந்தப் பழைய இசைக்குறிப்புக் காகிதங்களைக் கடைசிப் பக்கத்திலிருந்து புரட்ட ஆரம்பித்தார். லோடுமேன் தொப்பியைக் கையில் சுருட்டியபடி நின்றார். மூன்று வருடத்துக்கு முன்னால் இதே டீச்சரின் பியானோவை மூன்று மாடி ஏற்றிவைத்தவர் அவர். "இவ்வளவு பாடுபடுத்துதே, இதை ஒருநாள் நானும் படுத்தணும்" என்று மூச்சிரைக்க அவர் சொன்னது, வாரம் ஒரு நாள் பாடமாக வளர்ந்துவிட்டது. யாரோ வீடு மாறும்போது வேண்டாமென்று விட்டுப்போன ஒரு பியானோவும் அவர் வீட்டு முன்னறைக்கு வந்து சேர்ந்தது.

"வாசிக்காமலே எப்படி டீச்சர் சொல்வீங்க, கஷ்டமா சுலபமான்னு?"

"பீரோவைத் தூக்காமலே நீங்க சொல்றதில்லையா, எத்தனை ஆள் வேணும்னு?"

"நான் ஒரு மூலையை லேசா அசைச்சுப் பார்ப்பேன்."

"நானும் அதைத்தான் செய்யறேன். முதல் பக்கத்தை நம்பாதீங்க, அண்ணே. ரொமான்டிக் காலம்னு சொல்ற நூறு நூத்தம்பது வருஷத்துக்கு முந்தின வெள்ளைக்காரப் பாட்டெல்லாம் இப்படித்தான். வாசல்ல சிரிச்சுக் கூப்பிடும், உள்ள போனதும் கழுத்தைப் பிடிக்கும். எங்க கறுப்பா அடைஞ்சிருக்குன்னு பாருங்க."

நடுவில் இரண்டு பக்கங்கள் எறும்பு மொய்த்தது போலக் கறுத்திருந்தன. டீச்சர் கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் விரித்துக் காகிதத்தின் மேல் வைத்தார். "இடது கை இவ்வளவு தூரம் எட்டணும். என் கைக்கு எட்டாது, உங்க கைக்கு எட்டும். முதல் பக்கம் நாலு நாள். கடைசிப் பக்கம் ஒரு வாரம். நடுப்பக்கம் ரெண்டும் மூணு வாரம், அதுவும் தினம் உட்கார்ந்தா. ஏன் கேக்கறீங்க, என்ன அவசரம்?"

அவசரம் வீட்டில் கட்டிலோடு கட்டிலாகக் கிடந்தது. மனைவிக்கு இரண்டு மாதம் என்று டாக்டர் சொல்லி மூன்று வாரம் ஓடிவிட்டது. அவளுடைய அப்பா வீடு வீடாகப் போய் பியானோவுக்குச் சுருதி கூட்டியவர். சிறுமியாக அவள் அவருடைய, கம்பி முறுக்கும் சாவிப் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே போவாள். எல்லாக் கம்பியையும் முறுக்கி முடித்ததும் அவர் ஒரு பாட்டை வாசிப்பார், பையை மூடுவார், அடுத்த வீட்டுக்குக் கிளம்புவார். "அப்பா வாசிப்பாரே, அதை ஒரு தடவை கேட்டாப் போதுங்க" என்று அவள் கேட்டிருந்தாள். அப்பாவின் பெட்டியில் மிஞ்சியிருந்தது இந்த ஒரு பாட்டுத்தான்.

தினமும் வேலை முடிந்ததும் அவர் டீச்சர் வீட்டுக்குப் போனார். முழுசாகத் தயாரான பிறகு அவள் முன்னால் வாசித்து அசத்த வேண்டும். அதுவரை மனைவிக்குத் துணையாக அவளுடைய அக்கா இருந்தாள்.

"இருட்டற வரைக்கும் எங்கதான் சுத்தறீங்க?" என்பாள் மனைவி.

"லோடு இருக்கும்மா."

வண்டியில் கனமானதைத்தான் முதலில் ஏற்ற வேண்டும், கையில் தெம்பு இருக்கும்போதே. முப்பது வருடப் பழக்கம். அதனால் நடுப்பக்கங்களில் கையை வைத்தார்.

"முதல் பக்கத்தைத் தொடவே இல்லையே அண்ணே?"

"அது கூடை, முறம் மாதிரி டீச்சர். கடைசியில சொருகிக்கலாம்."

பழக ஆரம்பித்த நான்காவது வாரம் மனைவிக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இனி தாமதிக்கக் கூடாதென்று, வந்த வரைக்கும் வாசித்துவிட அன்று மாலை முன்னறையில் உட்கார்ந்தார். கட்டிலறைக் கதவு திறந்திருந்தது. நடுப்பக்கம் இரண்டையும் ஓரிடம்கூட இடறாமல் வாசித்து முடித்தார். முதுகெல்லாம் வேர்த்திருந்தது.

"நல்லாருக்குங்க. இது என்ன பாட்டு?"

"உங்கப்பா பாட்டுதாம்மா!"

"இல்லையே. அது இப்படித் தலைதெறிக்க ஓடாது. மெதுவா வரும்." அவள் முனகிக் காட்டினாள். நாலைந்து சுரம், அவ்வளவுதான் மூச்சு.

அவர் முதல் பக்கத்தை எடுத்தார். அதன் மூலை கைப்பட்டுக் கைப்பட்டுக் கறுத்துச் சுருண்டிருந்தது. மற்ற பக்கங்கள் கடையில் வாங்கிய அன்று போல இருந்தன. கைப்பிடித் தேய்மானத்தைப் பார்த்தே எந்தக் கதவு அதிகம் திறந்தது என்று சொல்லிவிடுகிற மனிதர், இதைப் பார்க்காமல் போனார். சுருதி சரியா என்று பார்க்க ஒரு பக்கம் போதும். மாமனார் அதற்கு மேல் புரட்டியதே இல்லை.

"நாலு நாள் பொறுத்துக்க, வாசிச்சுக் காட்டறேன்."

"பொறுக்கறேன். எனக்கென்ன லோடா இருக்கு, எங்கயாவது போக?" என்றாள். பொய் அவளுக்குத் தெரிந்துதான் இருந்திருக்கிறது.

மறுநாள் அவர் வேலைக்குப் போகவில்லை. வலது கையை மட்டும் வைத்து, ஒவ்வொரு கட்டையாகத் தேடித் தேடி அமுக்கினார். "அதாங்க, அதேதான்" என்றது உள்ளிருந்து குரல். சற்றுக் கழித்து, "அங்க கொஞ்சம் நிக்கணும். அப்பா அந்த இடத்துல தலையைச் சாய்ச்சுக் கேப்பார்." அவர் நின்றார், தலையைச் சாய்த்தார், பிறகு மேலே போனார். இரண்டாம் நாள் வலது கைப் பாட்டு பக்கம் முழுக்க வந்தது. அவள் மூன்று தடவை கேட்டாள்.

மூன்றாம் நாள் இடது கையைச் சேர்க்க உட்கார்ந்தபோது, அவளுடைய அக்கா கட்டிலறையிலிருந்து வந்து அவர் தோளைத் தொட்டாள்.

அப்புறம் வெகுநாள் கழித்துத்தான் அவர் டீச்சர் வீட்டுப் படியேறினார். டீச்சர் அவர் கையிலிருந்த முதல் பக்கத்தை வாங்கிப் பியானோவில் வைத்தார். அவர் வலது கையால் வாசித்தார்.

"இடது கையையும் சேருங்க அண்ணே. இதுதானே சுலபம்."

அவர் தலையாட்டினார். திரும்ப முதலிலிருந்து வாசித்தார். அந்த இடம் வந்ததும் நின்று, தலையைச் சாய்த்தார். இடது கை முழங்காலின் மேலேயே கிடந்தது.